பதினோரு விதையும் நாற்பத்து நான்கு முடிச்சும்

ஐயாமாரே, நீங்கள் செய்த வேலையை எண்ணிப் பார்க்கச் சர்க்கார் ஆள் வருகிறார் என்று கேள்விப்பட்டேன். நேற்று நம் பயிர் ஆராய்ச்சிக் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தேன். ஒருத்தர் காகிதத்தை அடுக்குகிறார். இன்னொருத்தர் அடுக்கி வைத்ததைப் பிரித்து மறுபடி அடுக்குகிறார். ஆக்கின களி அப்படியே ஆறிக் கிடக்கிறது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். நானும் ஒரு தடவை அப்படி அடுக்கினவள்தான். அடுக்கி, ஒரு நல்ல மனிதரைக் குழியில் தள்ளப் பார்த்தவள். அதைச் சொல்கிறேன், கேட்டுவிட்டு அடுக்குங்கள்.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல நம் கொட்டகை எழுத்தர் எழுதுகிறார். என் பேச்சை அப்படியே போட்டால் கீழ்நாட்டுக்காரர்கள் முழிப்பார்களாம். அதனால் கொஞ்சம் வெளுத்துத்தான் எழுதுவேன் என்கிறார். எழுதட்டும். ஆனால் அன்றைக்கு யார் என்ன பேசினார்களோ அதை மட்டும் பேசினபடியே போடச் சொல்லியிருக்கிறேன். அதில் கை வைத்தால் நான் கொண்டுவருகிற தேன் இவருக்கு நாளைக்குக் கிடையாது.

நான் இந்தக் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தபோது என் மூன்றாவது பிள்ளை இடுப்பில் இருந்தது. இப்போது அவனுக்கே பிள்ளைகள். எங்கள் மலையில் சில ஊர் சேர்ந்தால் அது ஒரு நாடு. எங்கள் குண்டனி நாட்டில் அப்போது கொட்டகை என்றால் இது ஒன்றுதான். அதில் இரண்டு ஐயாமார் இருந்தார்கள். பேர் இருந்தது, ஆனால் யாருக்கு வாயில் நுழைந்தது? ஊர் வைத்த பேர்தான் நின்றது.

ஒருத்தர் கட்டு ஐயா. காட்டில் இருக்கிற செடி, கொடி, பாசி எதையும் விடமாட்டார். பறித்துக் காகிதத்தில் வைத்து அழுத்திக் காயவைத்துக் கட்டுக் கட்டாகக் கட்டுவார். மாதம் ஒரு கட்டு அடிவாரத்துக்கு இறங்கும். பதிலுக்கு அச்சடித்த தாள்கள் ஏறும். ஒவ்வொரு தாளிலும் அவர் பேர் இருக்கும் என்பார்கள். அவருக்குச் செடி காட்டுகிற வேலைக்குத்தான் முதலில் என்னை எடுத்தார்கள். என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். "எங்கூட்டுக்காரி களை புடுங்குனா நான் சோறு போடணும். சர்க்காருல களை புடுங்குனா அவிய கூலி குடுக்கறாங்க" என்று.

இன்னொருத்தர் குந்தல் ஐயா. விடிந்தால் ராகிக் கொல்லையில் போய்க் குந்துவார். பொழுது சாய்ந்தால் எழுந்திருப்பார். அவ்வளவுதான் அவர் வேலை என்று ஊர் நினைத்தது. நானும் நினைத்தேன். ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"ஏனுங்க, அப்படி அந்தக் கதிருல என்னத்தத்தான் பாக்கறீங்க?"

"கழுத்தப் பாக்கறேன், காத்தாயி."

ராகிக்குக் கழுத்து கறுக்கிற நோய் உங்களுக்குத் தெரியும். கதிர் வெளியே வருகிற சமயத்தில் மூடுபனி விடாமல் பிடித்தால், கதிருக்குக் கீழே கழுத்து கறுத்து, மணி பிடிக்காமல் கதிர் பொக்கையாகிவிடும். அந்த வருஷம் எங்கள் வீடுகளில் கிழங்குதான். குந்தல் ஐயா சேலத்துப் பக்கம் மழையை நம்பிக் காடு உழுத குடும்பம். பசி என்றால் என்ன என்று பார்த்தவர். மலையிலுள்ள வீடு வீடாகப் போய்ப் பதினோரு வகை ராகி வாங்கி வந்து, பாத்தி பாத்தியாக விதைத்து, எந்தக் கழுத்து கறுக்கிறது, எது கறுக்கவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு வெள்ளாமை பார்த்தாயிற்று. ஒரே ஒரு வகை, பனிக்கு நின்றது. ஆனால் அப்படி விடாத பனி முதல் வருஷமும் நான்காவது வருஷமும்தான் பிடித்தது. நடு இரண்டு வருஷமும் வெயில்.

"ரெண்டு தரம் நின்னுருச்சுங்களே, போதாதுங்களா?" என்றேன்.

"ரெண்டு தரம் திருடாதவன நல்லவன்னு சொல்லுவியா? இன்னொரு வெள்ளாமை பாத்துட்டுச் சொல்றேன்."

அப்படிப்பட்ட ஆள். அவர் பேர் போட்ட அச்சுத்தாள் ஒன்றுகூட மலை ஏறவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சேதி வந்தது. சர்க்காரில் செலவைக் குறைக்கிறார்களாம். கொட்டகையில் ஒரு ஐயாதான் இருக்கலாமாம். யார் எவ்வளவு வேலை செய்திருக்கிறார், அதனால் யாருக்கு என்ன பயன் என்று அளந்து பார்க்க ஒரு அதிகாரி வருகிறாராம். குறைந்தவர் கீழே இறங்க வேண்டியதுதான். குந்தல் ஐயா இறங்கினால் பாத்தி போச்சு. ஐந்தாவது வெள்ளாமை போச்சு. எங்களுக்கு எந்த ராகி நிற்கும் என்ற பேச்சும் அரைகுறையாக நின்று போகும்.

கட்டு ஐயா கெட்டவர் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். சேதி வந்த அன்றைக்கே குந்தல் ஐயாவிடம் வந்தார். நான் அப்போது சுளகில் விதை புடைத்துக்கொண்டிருந்தேன்.

"ஓய், இன்னும் அச்சுக்குப் போகாத தாள் ஆறு எங்கிட்ட இருக்கு. ரெண்டுல உம்ம பேரையும் சேத்துடறேன். ரெண்டு பேரும் சேந்து பண்ணினோம்னு இருக்கட்டும்."

"அந்தச் செடி எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாதே."

"யாரு கேக்கப் போறா?"

"நான் கேப்பேனே."

கட்டு ஐயா என்னைப் பார்த்து, "கேட்டியா காத்தாயி, இந்த மனுஷனக் காப்பாத்த மாரியாயி வந்தாலும் முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.  மாரியாயியால் முடியாவிட்டால் போகிறது, காத்தாயியால் முடியாதா என்று ஒரு யோசனை வந்தது. அந்த வயசில் எனக்கு யோசனை நிறைய வரும்.

எங்கள் மலையில் ஒரு பழக்கம். விதையை ஒரே பானையில் வைக்க மாட்டோம். எலி கடிக்கும், கூரை எரியும், மழை ஒழுகும். ஒன்றைப் பரணில் வைப்போம், ஒன்றை அடுப்புக்கு மேலே, ஒன்றை அண்ணன் வீட்டில், ஒன்றைத் தங்கை வீட்டில். பெண் கேட்டு வருகிறவர்கள்கூட விதைப்பானை எத்தனை என்றுதான் கண்ணால் எண்ணுவார்கள். பிரித்து வைத்த வீடுதான் பொறுப்பான வீடு. என் மாமியார் என்னைப் பாராட்டின ஒரே விஷயம் அதுதான். வேறெதற்கும் வாயைத் திறந்ததில்லை. நல்ல மனுஷி, ஆனால் பாராட்டினால் மருமகள் தடித்துப் போவாள் என்று நினைப்பு.

குந்தல் ஐயாவின் விதை எப்படி இருந்தது? பதினோரு துணி முடிச்சு, ஒரே பலகையில், வரிசையாக. ஒவ்வொன்றிலும் அவர் எழுதின ஒரு சீட்டு. பார்க்கவே பரிதாபமாக, பிள்ளையில்லாத வீட்டுத் தின்பண்டம் மாதிரி இருந்தது. எதிர்ப் பலகையிலோ கட்டு ஐயாவின் கட்டுகள் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தன.

அதிகாரி வருகிற அன்று மதியம், அவரை எதிர்கொள்ளக் குந்தல் ஐயா மலைப்பாதையில் இறங்கிப் போயிருந்தார். நான் உட்கார்ந்தேன். ஒவ்வொரு முடிச்சையும் நான்காகப் பிரித்தேன். புதுத் துணி கிழித்து, நாரால் கட்டினேன். சீட்டு எழுத எனக்குத் தெரியாதே. அதனால் நாரில் முடிச்சுப் போட்டு அடையாளம் வைத்தேன்: முதல் வகைக்கு ஒரு முடிச்சு, இரண்டாவதுக்கு இரண்டு, இப்படிப் பதினொன்று வரைக்கும். பொய் சொல்கிறோம் என்று நெஞ்சில் துளிகூடப் படவில்லை. விதையைப் பத்திரப்படுத்துகிறோம், அதுவே எண்ணிக்கைக்கும் ஆகிறது, ஒரு கல்லில் இரண்டு மாங்காய் என்று ஒரே சந்தோஷம். பலகை நிறைந்தது. தள்ளி நின்று பார்த்தேன். கல்யாண வீடு மாதிரி இருந்தது.

அதிகாரி வந்தார். கண்ணாடி போட்ட, மெலிந்த, சுத்தமான மனிதர். சென்னைப் பக்கத்துக்காரர். மலை ஏறின மூச்சு இன்னும் வாங்கிக்கொண்டிருந்தது. ஒரு தாளில் கட்டம் போட்டுக் கொண்டுவந்திருந்தார். ஒரு கட்டத்தில் காய்ந்த செடி, ஒன்றில் விதை, ஒன்றில் அச்சுத்தாள், ஒன்றில் ஐயா எழுதினதை மேற்கோள் காட்டி எழுதின வேறு ஆட்கள். நான்கு கட்டம். கட்டு ஐயாவின் கட்டுகளை எண்ணியே அதிகாரிக்குக் கை வலித்தது. அப்புறம் எங்கள் பக்கம் திரும்பினார். எண்ணினார். முகம் மலர்ந்தது.

"நாற்பத்து நாலு வகையா! பரவாயில்லையே! இதைப் பத்தி ஒரு வரிகூட நீங்க எழுதி அனுப்பலையே?"

குந்தல் ஐயா பலகையைப் பார்த்தார். என் கண்ணுக்கு முன்னால் அவர் முகம் சாம்பலாயிற்று. அப்போதுதான் எனக்கு உறைத்தது, நான் செய்தது வேறு என்னவோ என்று.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கலாம். தலையை ஆட்டக்கூட வேண்டாம், சும்மா இருந்தால் போதும். நாற்பத்து நான்கு என்று கட்டத்தில் விழுந்துவிடும். ஐந்தாவது வெள்ளாமையும் கிடைத்துவிடும். நான் மனசுக்குள், "சும்மா இருங்க சாமி, சும்மா இருங்க" என்று வேண்டினேன்.

"பதினொண்ணுதாங்க" என்றார்.

"அப்ப இது?"

"இது எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியலீங்க. ஆனா வகை பதினொண்ணுதான்."

அதிகாரியின் பேனா நின்றது. "இதுல பொய்யின்னா, வேற எதுலெல்லாம் பொய்? நோய்க்கு நிக்கற மாதிரி ஒரு ராகி இருக்குன்னு வழியில சொன்னீங்களே, அதுவும் இப்படித்தானா?"

 நான் புகுந்தேன். யாரும் கேட்காமலே வாய் முந்தியது. என் வாய் எப்போதும் அப்படித்தான்.

"நானுங்க பிரிச்சு வெச்சேன். அவருக்குத் தெரியாதுங்க. ஒரே எடத்துல இருந்தா எலி கடிச்சுப்புடும்னு பிரிச்சேனுங்க."

"எலிக்காகவா? இன்னிக்குப் பாத்தா எலி வந்துச்சு?"

"எலிக்காகவும்தானுங்க" என்றேன். "எண்ண வாரீங்கன்னும்தானுங்க."

கட்டு ஐயா பின்னால் இருமினார். சிரிப்பை அடக்கினார் என்று நினைக்கிறேன்.

அதிகாரி முடிச்சுகளைப் புரட்டிப் பார்த்தார். பதினொன்றில் சீட்டு இருக்கிறது, முப்பத்து மூன்றில் இல்லை. குந்தல் ஐயா மெதுவாக என்னிடம், "காத்தாயி, எது எதுன்னு தெரியுமா? கலந்துருந்தா நாலு வருஷமும் வீணு" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும்.

நாரைக் காட்டினேன். அதிகாரி என்னைத் திரும்பி நிற்கச் சொன்னார். முப்பத்து மூன்றையும் ஒரு கூடையில் கொட்டிக் கலக்கினார். "இப்ப சேர்த்து வை." சேர்த்தேன். நாரை விரலால் தடவிக்கொண்டே போனேன், கண்கூட வேண்டியதில்லை. ஒவ்வொன்றாக அதனதன் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். கடைசியில் இரண்டு முடிச்சு கையில் நின்றன. ஒன்றின் நாரில் நான் போட்ட அடையாளம் கூடையில் உரசி அவிழ்ந்துவிட்டது. எட்டாவது வகையில் ஒன்று குறைகிறது, ஒன்பதாவது வகையிலும் ஒன்று குறைகிறது. இன்னொன்றில் எட்டு முடிச்சா ஒன்பதா என்று நாரே நைந்து கிடந்தது. இரண்டு வகையும் ஒரே நிறம், ஒரே பருமன். ஏதாவது ஒன்றின் பக்கத்தில் வைத்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை.

அதற்கு முன்னால் அரை நாழிகைக்குள்தான் ஒரு மனிதர் "பதினொண்ணுதாங்க" என்று சொல்லிக் கேட்டிருந்தேன். அது இன்னும் காதில் இருந்தது.

"இந்த ரெண்டும் எதுன்னு எனக்குத் தெரியலீங்க" என்றேன்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முப்பத்தொண்ணுக்கு இடம் சொன்னவ, இதுக்கும் ஒரு இடம் சொல்லியிருக்கலாமே?"

"தெரியாததுக்கு எப்படிங்க எடம் சொல்றது? வெதைச்சு மொளைச்சா காட்டிக் குடுத்துடுமுங்களே."

 அவர் விதைக் கட்டத்தில் பதினொன்று என்று எழுதினார். அச்சுத்தாள் கட்டத்தில் ஒன்றுமில்லை. மேற்கோள் கட்டத்திலும் ஒன்றுமில்லை. எனக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் சுழி தெரியும். இரண்டு சுழி.

அப்புறம் கேட்டார்: "சரி, அச்சு வேண்டாம். இந்த மலையில யாராவது உங்க பேச்சைக் கேட்டு விதைச்சிருக்காங்களா?"

"ஒரு வீட்டுல மட்டும் சொன்னேனுங்க. அதுக்கப்பறம் யாரு வெதைச்சாங்கன்னு நான் எழுதி வெக்கல."

"எழுதி வெக்கல" என்று அதிகாரி திருப்பிச் சொன்னார். அந்தச் சொல்லைச் சாப்பாட்டில் கல் கடித்த மாதிரிச் சொன்னார். ஆனால் மறுநாள் காலையில் டோலியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"நீ வழி காட்டு. உங்க ஐயா இங்கேயே இருக்கட்டும். நான் கேள்வி கேக்கற இடத்துல நீ வாயைத் திறக்கக் கூடாது. ஒரு வார்த்தை எடுத்துக் குடுத்தாலும் அத்தோட முடிஞ்சுது."

என்னிடம்! வாயைத் திறக்கக் கூடாது என்று! வீட்டில் சொன்னேன், என் வீட்டுக்காரர் கும்பிட்டே விட்டார், "இப்பேர்ப்பட்ட அதிகாரிய இத்தன நாளு எங்க ஒளிச்சு வெச்சிருந்தாங்க?" என்று.

நடந்தோம். திருப்புலி நாட்டுப் பக்கம் போனோம். அது நான்காவது வருஷம், பனி பிடித்த வருஷம் என்று சொன்னேனே, வழியெல்லாம் கறுத்த கழுத்துதான். கொல்லை கொல்லையாகக் கதிர் தொங்கிப் போயிருந்தது. ஒரு சரிவில் மட்டும் ஒரு கொல்லை நிமிர்ந்து நின்றது. அதிகாரியே பார்த்துவிட்டு இறங்கினார். அங்கே ஒரு பெரியவர் பன்றிக் காவலுக்குக் குடிசை போட்டு உட்கார்ந்திருந்தார்.

"இந்த ராகி எது?"

"இதுங்களா? பைல் நாட்டுல என் மச்சான் ஊட்டு வெதைங்க."

"கொட்டகை ஐயா குடுத்ததா?"

"எந்தக் கொட்டகைங்க? மச்சான் ஊட்டு வெதைன்னு சொல்றேனுங்களே."

எங்களுக்கு அதுதான் முறை. விதையைக் கடையில் வாங்குவதில்லை. கேட்டு வாங்குவோம். வாங்கினால் எந்த வீட்டில் வாங்கினோமோ அந்த வீட்டுப் பேரைத்தான் சொல்வோம். சொல்லாவிட்டால் அது திருட்டு விதை. அடுத்த தடவை ஒருத்தரும் தர மாட்டார்கள். அதிகாரிக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் வாய் கட்டியிருக்கிறது. முந்தானையை எடுத்துக் கடித்துக்கொண்டேன்.

அவர் விடவில்லை. மச்சான் வீட்டுக்குப் போனோம். பைல் நாடு. வழியில் அவருடைய பூட்ஸ் கடித்து, கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு வந்தார். மச்சான், "எங்க சின்னம்மா ஊட்டு வெத" என்றார். குந்தல் ஐயா பேர் இல்லை. மறுநாள் சின்னம்மா வீடு. அந்த அம்மா, "இதா, குண்டனி நாட்டு மேட்டூட்டு அத்தை குடுத்தாங்க" என்றாள். அங்கேயும் அவர் பேர் இல்லை. ஆனால் ஒன்று பார்த்தேன். ஒவ்வொரு வீட்டிலும் அதிகாரி, "நீங்க யார் யாருக்கு, எந்த வருஷம் குடுத்தீங்க?" என்றும் கேட்டார். கேட்டால் எங்கள் ஆட்கள் நிறுத்துவார்களா? தங்கச்சிக்கு ஒரு வள்ளம், சம்பந்திக்கு ஒரு வள்ளம், சண்டைக்காரனுக்குக்கூட அரை வள்ளம், "கொழந்தைக இருக்குதுங்களே" என்று. அவர் எழுதிக்கொண்டே வந்தார்.

கடைசியாக மேட்டூட்டு அத்தை வீடு. அதற்கு மேல் வீடு இல்லை. அந்த அத்தை தடிச்ச மனுஷி, நல்ல குரல். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள்.

"இந்த விதை உங்களுக்கு யார் குடுத்தாங்கம்மா?"

"யாரு குடுக்கறது? எங்கூட்டு வெத சாமி! எங்க மாமியா காலத்து வெத."

அவ்வளவுதான்.  அத்தை சொன்னது சத்தியமான உண்மை. அந்த ராகி அவள் வீட்டு ராகிதான். குந்தல் ஐயா அவளிடம்தானே வாங்கினார்? அவர் புதுசாக ஒன்றையும் உண்டாக்கவில்லை. அதிகாரி தாளை மடித்தார். பேனாவை மூடினார். என் நாக்கு நுனியில் ஒரே ஒரு கேள்வி துடித்தது. அதைக் கேட்டால் எல்லாம் வெளியே வரும். கேட்டால் எடுத்துக்கொடுத்ததாக ஆகும். முந்தானையில் ஒரு ஓட்டை விழுந்தது, பொய்யில்லை, அந்தச் சேலையை ரொம்ப நாள் வைத்திருந்தேன்.

அதிகாரி எழுந்தார். இரண்டு அடி வைத்தார். திரும்பினார்.

"மாமியார் காலத்து விதைன்னா, இத்தனை வீட்டுக்கும் இந்த மூணு வருஷமாத்தான் ஏன் போயிருக்கு? முன்னாடி ஏன் போகல?"

நான் கேட்க நினைத்ததும் அதேதான். மனிதர் எண்ணுகிறவர் மட்டும் இல்லை, யோசிக்கிறவரும்கூட.

அத்தை சிரித்தாள். "அதுங்களா? முன்ன எல்லாத்தையும் கலந்துதானுங்க வெதைச்சோம். நல்லதும் கெட்டதும் ஒரே கொல்லைல. எது எதுன்னு யாரு கண்டா? அந்தக் குந்தல் ஐயாதான் ஒரு நாளு வந்து, இந்தா இந்த மாதிரி கதிரு மட்டும் தனியா கிள்ளி வை ஆத்தா, பனிக்கு நிக்குதுன்னாரு. கிள்ளி வெச்சேன். பனிக்கு நிக்கற வெதைன்னு தனியா வெச்சிருக்கறதக் கேள்விப்பட்டு நாலு பேரு வந்து கேட்டாங்க, குடுத்தேன். இந்தப் பனிக்குத்தான் பாத்தீங்களே, நின்னிருக்குது."

"அப்ப அவர் பேரை ஏன் சொல்லல?"

"வெத அவரு ஊட்டுதா? எங்கூட்டுது. அவரு சொன்னது சொல்லுங்க. வெத யாரு குடுத்தாங்கன்னுதானே கேட்டீங்க? சொல்லு யாரு சொன்னாங்கன்னு நீங்க கேக்கவே இல்லையே!" என்றாள். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "ஆனா அவரும் இன்னும் நம்ப மாட்டேங்கறாரு. நான் மூணு வருஷமா நம்பி வெதைக்கறேன். அவரு இன்னொரு வெள்ளாமை பாக்கணுங்கறாரு. படிச்சவிய அப்படித்தான்" என்றாள்.

அதிகாரி மறுபடி உட்கார்ந்தார். அத்தை கொடுத்த கூழைக் குடித்தார். கட்டம் போட்ட தாளை எடுத்துப் பார்த்தார். நான்கு கட்டத்தில் இது எதிலும் அடங்கவில்லை. தாளைத் திருப்பினார். முதுகுப்பக்கம் வெறுமையாக இருந்தது. அங்கே ஒவ்வொரு வீடாக எழுதினார். மச்சான் வீடு, சின்னம்மா வீடு, தங்கச்சி, சம்பந்தி, சண்டைக்காரன். இடம் போதாமல் ஓரத்திலும் எழுதினார்.

"இனி பேசலாமுங்களா?" என்றேன்.

"கொட்டகை போய்ச் சேர்ற வரைக்கும் பொறுத்துக்கோ" என்றார்.

அதிகாரி அடிவாரத்துக்கு இறங்கிப் போனார். உத்தரவு பின்னால் வரும் என்றார். குந்தல் ஐயா தன் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு, அறுவடை வரைக்குமாவது இருக்கலாமா என்று காத்திருந்தார். அந்த நாட்களில் அவர் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. ஆனால் ஒரு நாள் விதைப் பலகை முன்னால் உட்கார்ந்து, நான் பிரித்ததையெல்லாம் என்னையே சேர்த்துக் கட்டச் சொன்னார். ஒவ்வொன்றாகக் கட்டினேன். தெரியாத இரண்டையும் தனியாக வைத்தேன். "உங்க ஊட்டுல பிரிச்சு வெக்கறது வெதைய எலிகிட்ட இருந்து காப்பாத்த. இங்க பிரிச்சு வெச்சா வெதைக்கு ஒண்ணும் ஆகாது, எங்க சொல்லுக்குத்தான் எலி புடிக்கும்" என்றார். அவர் எனக்குச் சொன்ன புத்திமதி மொத்தமே அவ்வளவுதான்.

நீங்கள் செய்த ஒரே வேலையை நான்கு தாளாகப் பிரித்து அச்சுக்கு அனுப்பலாமா என்று நேற்று உங்களில் யாரோ பேசினது என் காதில் விழுந்தது. எனக்கு அச்சைப் பற்றித் தெரியாது. எலியைப் பற்றித் தெரியும். எண்ண வருகிறவர்களைக் கண்டு பயப்படவும் வேண்டாம், பழிக்கவும் வேண்டாம். நம் அதிகாரி போல வெறுங்காலோடு நடப்பவரும் வருவார், கட்டத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவரும் வருவார். யார் வருவார் என்பது நம் கையில் இல்லை. பலகையில் என்ன இருக்கிறது என்பதுதான் நம் கையில்.

அறுவடை முடிந்து பத்து நாள் கழித்து உத்தரவு வந்தது. குந்தல் ஐயா வாசலிலேயே நின்று பிரித்தார். கட்டு ஐயா ஓடி வந்தார். நானும் சுளகைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"என்ன ஓய், சொல்லும்!"

"உம்ம எடம் அப்படியே இருக்கு. எனக்கும் ஒரு வெள்ளாமை குடுத்திருக்காங்க. அது முடிஞ்சதும் கண்டத எழுதி அச்சுக்கு அனுப்பணுமாம். மேட்டூட்டு ஆத்தா ஊட்டுப் பேரும் அதுல இருக்கணுமாம்."

கட்டு ஐயா அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. குந்தல் ஐயா மட்டும் தாளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. உதடு துடித்தது.

"இன்னும் ஒரு வரி இருக்கு, காத்தாயி. உன்னப் பத்தி."

"என்னப் பத்தியா? படிங்க சாமி, எதுன்னாலும் படிங்க."

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு படித்தார். காத்தாயி என்கிற பெண்ணை விதைப் பொறுப்பில் நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் ஆள் கொட்டகைக்கு அவசியம். ஆனால் எண்ணிக்கை எடுக்கும் நாளில் அவளை விதைப் பலகை பக்கம் விடக் கூடாது.